ஆறு நிமிட சைக்கிள் டெஸ்ட்... மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு!

ஒருவருக்கு ஸ்டாமினா எவ்வளவு என்று சொல்ல ஓர் அளவு உண்டு. வி.ஓ.2 மேக்ஸ். உழைப்பின் உச்சத்தில், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜனை உடல் பயன்படுத்துகிறது என்பதுதான் அது.

துல்லியமாக அளக்க, மாஸ்க் மாட்டிக்கொண்டு, நிலையாக நிற்கும் சைக்கிளை மிதிக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் பெடலின் இறுக்கத்தைக் கூட்டுவார்கள். 8 முதல் 12 நிமிடங்களுக்குள் 'இனி முடியாது' என்ற நிலை வந்துவிடும்.

எல்லோராலும் அந்த எல்லைவரை போக முடியாதே? அதற்கு 1954-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்ட்ராண்ட், ரிமிங் இருவரும் எளிய வழி சொன்னார்கள். சீரான சுமையில் 6 நிமிடம் மிதித்தால் போதும். இதயத்துடிப்பை வைத்தே வி.ஓ.2 மேக்ஸைக் கணித்துவிடலாம். அதே வேலைக்குத் துடிப்பு குறைவாக இருந்தால், ஃபிட்னஸ் அதிகம் என்று அர்த்தம்.

சிக்கலும் இங்கேதான். ரத்த அழுத்தத்துக்கோ, இதயப் பிரச்னைக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, மருந்தாலேயே இதயம் மெதுவாகத் துடிக்கும். கணக்கோ அதை ஃபிட்னஸ் என்று எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணை நம்பிக் கடுமையான பயிற்சியில் இறங்கினால் ஆபத்து.

எனவே, சைக்கிளில் ஏறும் முன்பே மாத்திரை விவரத்தைச் சொல்லிவிடுங்கள். டெஸ்ட்டுக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு எந்த டெஸ்ட் சரி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மிதிக்கும்போது நெஞ்சுவலியோ, தலைச்சுற்றலோ வந்தால், ஆறு நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே நிறுத்திவிடுங்கள்.