கதை முடிந்தபின் என்ன பேசினீர்கள்?



தொலைக்காட்சிக்கு எதிராகப் பிரசங்கிப்பதைப்போல் எளிதான ஊழியம் வேறில்லை. அதைச் சாத்தானின் பெட்டி என்று ஒருவர் முழங்கினால், சபையில் ஒரு பாதி ஆமென் சொல்லும்; மறுபாதி தலைகுனியும்; பிற்பகலில் இரண்டு பாதியும் தத்தம் வீட்டில் அதே பெட்டியின்முன் அமரும். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ஆம் ஆண்டில். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பெட்டி கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்து, சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. பிரசங்கம் மட்டும் மாறவில்லை.

இந்த வாரம் அந்தப் பிரசங்கத்தோடு வழக்காட விரும்புகிறேன். "பொழுதுபோக்குதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று தோளைக் குலுக்கும் விசுவாசிகளோடும் எனக்கு வழக்கு உண்டு. இரு தரப்பாரும் திரையில் ஓடுவதைப் பற்றியே பேசுகிறார்கள். திரை அணைந்தபின் அங்கே அமர்ந்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் பிரசங்கியாருக்கு. சிநேகிதர்கள் நான்குபேர் மாலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், காய்கறி விலை, நேற்றைய தொடர், வீட்டில் பார்த்த படம் என்று அளவளாவினால், உடனே அவர்மீது ஒரு வசனம் பாய்கிறது. மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில், மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவற்றுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று ஆண்டவர் எச்சரித்தாரே என்பார்கள். எச்சரித்தார், மெய்தான். யாரை எச்சரித்தார் என்று அதே அதிகாரத்தைச் சற்று மேலே வாசியுங்கள். பிசாசு பிடித்திருந்த குருடும் ஊமையுமான ஒருவனை அவர் சொஸ்தமாக்கியபோது, பெயெல்செபூலினாலே இதைச் செய்கிறான் என்று தூற்றிய பரிசேயரைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. அங்கே 'வீணான' என்பதற்கு மூலத்தில் வரும் கிரேக்கச் சொல் 'ஆர்கோஸ்' என்னும் சொல்லின் வடிவம். வேலை செய்யாத, பலனற்ற என்பது அதன் பொருள். நன்மையைக் கண்டும் தீமை என்று பெயரிட்ட நாவுக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பை, களைத்த மனிதர்கள் மாலையில் பேசும் பேச்சின்மேல் தூக்கிப்போடுவது நியாயமல்ல.

வேதம் சிநேகிதரின் பேச்சை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். லூக்கா 24-இல் இருவர் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர் தூரம். கால்நடையாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அவர்கள் ஜெபித்துக்கொண்டு நடக்கவில்லை. ஊரில் நடந்த சம்பவங்களைப் பேசிக்கொண்டு, சஞ்சலத்தோடு நடந்தார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அந்தப் பேச்சுக்குள்தான் வந்து சேர்ந்தார். பேச்சை நிறுத்துங்கள் என்று கட்டளையிடவில்லை. நீங்கள் எதைப்பற்றிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று விசாரித்தார். எல்லாம் அறிந்தவர், அவர்கள் வாயால் கேட்க விரும்பினார்.

அந்த இருவரின் உரையாடலைக் குறிக்க லூக்கா ஒரு கிரேக்க வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார். துரோவாவில் பவுல் பொழுது விடியுமட்டும் சகோதரரோடு பேசிக்கொண்டிருந்ததற்கும் (அப்போஸ்தலர் 20) அதே சொல்லைத்தான் எழுதுகிறார். கூடியிருந்து பேசுதல் என்று அதற்குப் பொருள். ஆராதனையில் நிகழ்த்தப்படும் உரைக்குப் பல சபைகள் வழங்கும் 'ஹோமிலி' என்ற பெயர் அந்தச் சொல்லின் வழியாகவே வந்தது. நம்முடைய பிரசங்கத்தின் பெயர் கூடியிருந்து பேசுகிற பேச்சிலிருந்து பிறந்திருக்கிறது. அந்தப் பேச்சைப் பிரசங்கமே இகழலாமா?

இனி, பொழுதுபோக்குதானே என்பவர்களுக்கு.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தை மூத்தவர்கள் நினைத்துப் பாருங்கள். தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் அந்த வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். அது பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. பெட்டி இருந்த வீட்டுக்குள் எல்லாரும் சமமாக அமர்த்தப்படவில்லை. சிலருக்கு நாற்காலி, சிலருக்குத் தரை, சிலருக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் இடம். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுமுதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தபோது, அந்த ஜன்னலோரத்தில் நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு மானம் மீண்டது. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நாட்களில் நிகழ்ச்சி முடிந்துபோகும். இது சிறிய காரியமல்ல. பாட்டு முடியும், படம் முடியும், பெட்டி அணையும். அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியிலும், மறுநாள் குழாயடியிலும், பேருந்து நிறுத்தத்திலும் அந்த வாரம் முழுவதும் பேச்சு நடந்தது. கதாநாயகனில் தொடங்கிய பேச்சு சொந்த மருமகனில் வந்து நிற்கும். தொடரில் வந்த மாமியாரில் தொடங்கியது தன் வீட்டு அடுப்பங்கரையில் முடியும்.

இன்றைய ஏற்பாடு அந்த இடைவெளியைத் தற்செயலாகத் தொலைக்கவில்லை. 2013-இல் நெட்பிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. வாரம் ஒன்று என்ற காத்திருப்பு அங்கே தேவையற்றதாயிற்று. ஒரு பகுதி முடிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறுமுன்னே, அடுத்த பகுதி தானாகத் தொடங்குவதற்கான நொடிகள் எண்ணப்படுகின்றன. அந்நிறுவனத்தின் அன்றைய தலைமை அதிகாரி ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டியாளர் மனிதரின் தூக்கமே என்ற பொருள்பட 2017-இல் வெளிப்படையாகவே பேசினார். தூக்கத்தோடு போட்டியிடுகிறவர்கள், படம் முடிந்தபின் நீங்கள் உங்கள் சிநேகிதனோடு பேசும் அரைமணி நேரத்தை விட்டுவைப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

அந்த அரைமணி நேரத்தின் மதிப்பை அறிய 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நாத்தான் தாவீதிடம் ஒரு கதை சொல்கிறான்: ஐசுவரியவான் ஒருவன், தரித்திரன் ஒருவன், அவன் மடியில் வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டி. ராஜா கதையில் முற்றிலும் மூழ்கினான். அந்த ஐசுவரியவான்மேல் கோபம் மூண்டு, அவன் சாகவேண்டும் என்றான். நாத்தான் அந்த நொடியில் அடுத்த கதையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாவீது கதையில் வந்த கொடியவனைச் சபித்துவிட்டு, தான் நீதிமான் என்ற திருப்தியோடு உறங்கப் போயிருப்பான். உரியா மடிந்தது மடிந்ததாகவே இருந்திருக்கும். நாத்தான் நிறுத்தினான். முகத்துக்கு நேராக, அந்த மனிதன் நீர்தான் என்றான். கதை தாவீதின் இருதயத்தைத் திறந்தது. உள்ளே நுழைந்தது உரையாடல். ஆண்டவரும் ஜனங்களுக்கு உவமைகளைச் சொல்லிவிட்டுச் சீஷர்களோடு தனித்திருந்து விளக்கினார் என்று மாற்கு 4-இல் வாசிக்கிறோம். கதையும் அதன்பின் பேச்சும் ஒன்றாகவே நமக்குக் கொடுக்கப்பட்டன. நாமோ கதையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நாம் ஒன்றாகத்தானே பார்க்கிறோம் என்று சிலர் சொல்வீர்கள். சனிக்கிழமை இரவு மூன்று குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுகின்றன; பெரிய திரை, பரோட்டா, ஒரு புதுப்படம். நல்லது, கூடுங்கள். ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். எந்தப் படம் என்று தெரிவு செய்வதில் முக்கால் மணி நேரம். ஓடும்போது ஆளுக்கொரு கைப்பேசி. முடிந்ததும், "எப்படி?" "ஓகே." "அடுத்து எது?" தொடரைப் பற்றிப் பேசலாம் என்றாலோ, ஒருவர் ஆறாம் பகுதியில், இன்னொருவர் இரண்டாம் பகுதியில், "கதையைச் சொல்லிடாதீங்க!" என்று பேச்சு அடைக்கப்படுகிறது. கடைசியில் சிநேகம் என்பது பட்டியல் பரிமாற்றமாகிறது: இதைப் பார்த்தாயா, அதைப் பார்த்துவிடு.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்களானால், ஒரு போதகன் அடிக்கடி காணும் நஷ்டத்தைச் சொல்கிறேன். கடன் கழுத்தை நெரிக்க, ஒருவர் இரவோடிரவாக வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். அவருடைய சிநேகிதர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, போன சனிக்கிழமைகூட எங்க வீட்லதான் உக்காந்து படம் பாத்தாரு. ஒரு வார்த்தை சொல்லலையே!"

எப்போது சொல்லியிருப்பார்? 'நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்' என்ற வார்த்தை வந்தவுடன் வாயில் வராது. வெயிலைப் பற்றிப் பேசி, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசி, படத்தில் அந்தத் தகப்பன் வட்டிக்காரனிடம் கெஞ்சிய காட்சியைப் பற்றிப் பேசி, அதன்பின் எல்லாரும் சற்று அமைதியாகும்போது, தேநீர்க் குவளையைப் பார்த்தபடியே ஒரு மனிதன் அதைச் சொல்வான். நாம் அற்பம் என்று தள்ளும் பேச்சைக் கடந்துதான் அவன் அந்த வார்த்தைக்கு வந்துசேர வேண்டும். அந்த அமைதி வாய்க்குமுன்னே இன்னொரு படம் தொடங்கிவிட்டது.

இதைச் சபையில் சொல்வான் என்று நம்பாதீர்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டால், 'ஒரு தனிப்பட்ட காரியத்துக்காக ஜெபியுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வான். பாட்டு, சாட்சி, செய்தி, ஸ்தோத்திரம், தேநீர், செருப்பு. ஒன்பது மணிக்குள் எல்லாரும் கலைந்தாயிற்று. கூட்டத்தின் கடைசி ஆமெனுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு மனிதன் தன் பாரத்தை இறக்கிவைக்க நாம் எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்? 2020-இன் ஊரடங்குக்குப்பின், நாளொன்றுக்கு மூன்று ஊழியக்காரரின் செய்திகளைக் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடிக்கும் விசுவாசிகளும் நம்மிடையே உண்டு. தொடர் நாடகம் பார்ப்பவரை அவர்கள் கண்டிக்கிறார்கள். கேட்ட செய்தியில் ஒன்றைக் குறித்தேனும் இன்னொரு மனிதனோடு உட்கார்ந்து பேசாதவர், நாடகம் பார்ப்பவரைவிட எந்த வகையில் மேலானவர்?

அப்படியானால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாமா? இல்லை. பகுத்தறிதல் அவசியம், அதற்கும் சிநேகிதனே நல்ல காவல். அருகில் அமர்ந்திருப்பவரோடு பின்னர் மனம்விட்டுப் பேசக் கூசும் ஒன்றை நீங்கள் நள்ளிரவில் தனியே பார்க்கிறீர்கள் என்றால், அந்தக் கூச்சத்துக்குச் செவிகொடுங்கள். காதில் செவிப்பொறியைச் செருகிக்கொண்டு தனித்துப் பார்க்கிறவனுக்கு அந்த உதவியும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் அணைத்துவையுங்கள். அது உங்கள் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு படம் போதும். முடிந்ததும் விளக்கைப் போட்டு, தேநீர் வைத்து, அரைமணி நேரம் உட்காருங்கள். படம் எப்படி என்று கேளாதிருங்கள். அந்தத் தகப்பன் செய்தது சரியா, அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதித்தால் காத்திருங்கள். வந்தபின் உபதேசிக்க அவசரப்படாதிருங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள்; வாய்திறந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனை நொறுக்கினார்கள்.

கர்த்தருக்குப் பயந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்றும், கர்த்தர் அதைக் கவனித்துக் கேட்பார் என்றும், அவருக்கு முன்பாக ஞாபகப்புஸ்தகம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்றும் மல்கியா 3-இல் வாசிக்கிறோம். இந்தச் சனிக்கிழமை இரவு உங்கள் வீட்டில் அவர் கேட்பதற்கு ஏதாவது பேச்சு இருக்குமா?

ஜெபிப்போம்: எம்மாவு வழியில் துணைவந்த ஆண்டவரே, எங்கள் வீட்டுத் திரை அணைந்தபின் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க உதவி செய்யும். எங்கள் அருகில் அமர்ந்திருந்தும் வாய்திறவாத சிநேகிதனுக்காகக் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் எளிய பேச்சுக்குள்ளும் நீர் வந்து சேரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.