கடன் கொடுத்தவர்களின் பெயர்கள்

மார்கழி நெருங்கினால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களின் ஆண்டு மலர்கள் அச்சேறத் தொடங்கிவிடும். அவற்றுள் ஒரு கட்டுரையேனும், மேலைநாட்டுப் பண்பாட்டுப் புயலில் எல்லாம் அடித்துச் செல்லப்படும் இவ்வேளையில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கலப்பின்றி நாம் காத்துவரும் கலைகள் என்று பெருமிதத்தோடு தொடங்கும். இதற்கு நேர் எதிரில் ஆய்வரங்க நண்பர்கள் சிலர் நிற்கின்றனர். பரதநாட்டியம் என்பதே 1930-களில் அடையாற்றில் வெள்ளையரும் உயர்சாதியினரும் கூடிப் புனைந்த சரக்கு என்று ஒரே வரியில் அவர்கள் தீர்ப்பெழுதிவிடுகின்றனர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. இரண்டுக்கும் மூலம் ஒரே சோம்பல்தான். யார் யாரிடமிருந்து எதைப் பெற்றார், பெற்றதற்கு என்ன செய்தார் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பொறுமை இரு தரப்புக்கும் இல்லை.

முதலில் தூய்மைவாதிகளின் கணக்கு. தூய்மை குறித்த சொற்பொழிவுக்கு வருபவர் பேருந்திலிருந்து இறங்கும் இடம் லஸ் முனை. லஸ் என்பது ஒளி எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல். அங்குள்ள ஒளி மாதா கோவிலின் கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. சொற்பொழிவுக்கு முன் சபா கேண்டீனில் அவர் அருந்துவது டிகிரி காப்பி. அதன் வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி சுவைபட எழுதியிருக்கிறார், நாம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விழா டிசம்பரில் நடப்பதும் ஆண்டாளின் அருளால் மட்டுமன்று. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக எழுந்ததே மியூசிக் அகாடமி. காங்கிரஸ் அந்நாளில் டிசம்பர் இறுதியில் கூடியது கிறிஸ்துமஸ் விடுமுறையை உத்தேசித்து. வழக்கறிஞர்களுக்கு அப்போதுதானே ஓய்வு!

இவை சில்லறைக் கேலிகள் என்று ஒதுக்கலாம். வயலினை அப்படி ஒதுக்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கருகே மணலி முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில், ஓர் ஐரோப்பியரிடம் அக்கருவியைக் கற்றார். கோட்டையின் பேண்டு வாத்தியத்தில் ஒலித்த மெட்டுகளுக்கு அண்ணன் வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று நாம் இன்று குழந்தைகளுக்குக் கற்பிப்பவை அவையே. அவற்றுள் ஒன்று ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு வயலினில் அடைந்த தேர்ச்சிக்காக, சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். நின்றபடி தாடையில் தாங்கி வாசிக்கும் கருவியைத் தரையில் சம்மணமிட்டு, மார்புக்கும் பாதத்துக்கும் இடையே நிறுத்தி, தந்திகளின் சுருதியையும் மாற்றியமைத்து, கமகத்துக்கு இணக்கிக் கொண்டார்கள் நம்மவர்கள். நூறாண்டுக்குள் பக்கவாத்தியமாக அது இல்லாத கச்சேரி அரிதாகிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகள் மாமியாரான கதை. இதை யாரும் சீரழிவு என்றதில்லை.

ஆனால் ஆர்மோனியத்தின் கதி வேறு. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது; 1970-களின் தொடக்கம் வரை அத்தடை தளரவில்லை. தாகூரும் ஆனந்த குமாரசாமியும் அதை வெறுத்தார்கள். கட்டைகளில் சுரங்கள் நிலைத்து நிற்பதால் கமகம் வராது என்ற வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் ஆர்மோனியம் தமிழகத்தில் எங்கே வாழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் அது வாழ்ந்தது. கிட்டப்பா பாட, அவர் தமையன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கொட்டகை விடிய விடிய விழித்திருந்தது. வயலினுக்குத் தீட்சிதர் குடும்பமும் அரசவையும் முன்மொழிந்து கையெழுத்திட்டன. ஆர்மோனியத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் நாடகக்காரர்கள். அந்நியம் எது என்பதைக் கருவியின் பிறந்த ஊர் தீர்மானிக்கவில்லை. கொண்டு வந்தவரின் அந்தஸ்தே தீர்மானித்தது. பிற்காலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாசும் சாக்ஸபோன் கதிரி கோபால்நாத்தும் தம் அசாத்திய மேதைமையால் இக்கதவைத் தள்ளித் திறந்தார்கள். எல்லோரும் மேதைகளாகப் பிறந்து வர முடியுமா என்ன?

இனி நடனம். இங்கேதான் கணக்கு உண்மையில் சிக்கலாகிறது.

1838-இல் கடலூரை அடுத்த திருவேந்திபுரத்துக் கோயிலைச் சார்ந்த நடனப் பெண்கள் ஐவரும் அவர்களுடைய இசைக் குழுவினரும் தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு புதுச்சேரியிலிருந்து கப்பலேறினர். பாரிசில் வரியேத்தே அரங்கிலும் பின்னர் லண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரைப் பார்த்துக் கவிஞர் தெயோஃபீல் கோத்தியே மயங்கி எழுதினார். சிற்பி பார் அவருக்கு வெண்கலச் சிலை வார்த்தார். ஐரோப்பாவின் கற்பனையில் 'பயாதேர்' என்ற சொல் ஏற்கெனவே உலவிக் கொண்டிருந்தது. நடனமாடுபவள் எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லின் பிரெஞ்சுத் திரிபு அது. கதேயின் கவிதையிலும் பாரிசின் ஆபராவிலும் அவள் இருந்தாள். இப்போது ரத்தமும் சதையுமாக வந்து நின்றாள். 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா 'லா பயாதேர்' என்ற பாலே நாடகத்தை மேடையேற்றினார். அதன் நாயகியான கோயில் நடனப்பெண்ணின் பாத்திரத்தில் ஆடிப் புகழடைந்தோருள் ஒருவர் அன்னா பாவ்லோவா. அந்தப் பாவ்லோவாதான் 1920-களின் இறுதியில் ருக்மிணி தேவியைச் சந்தித்து, உங்கள் நாட்டின் கலையைத் தேடிப் பாருங்கள் என்ற பொருள்பட அறிவுரை சொன்னவர்.

இந்தச் சுற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். திருவேந்திபுரத்துப் பெண்கள் பாரிசுக்குப் போகிறார்கள். அவர்களைப் பற்றிய கனவு ருஷ்யாவில் பாலேவாகிறது. அப்பாலேயில் ஆடியவர் அடையாற்றுப் பெண்ணிடம் உன் ஊருக்குத் திரும்பு என்கிறார். அடையாற்றுப் பெண் திரும்புகிறார். அங்கே மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாள் இருக்கிறார். மேற்கின் பாதிப்பு என்று இதைச் சொல்வதா, கிழக்கின் பாதிப்பு என்று சொல்வதா? நேர்க்கோடாக எழுதிப் பழகியவர்களுக்கு இது அகப்படாது.

ருக்மிணி தேவி செய்தவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகக் கற்றார்; கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றார்; 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார்; 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். தம் சமூகத்தின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் மேடையேறியதற்குத் துணிவு வேண்டும். மேடை ஒளியமைப்பிலும் ஆடை வடிவமைப்பிலும் ஐரோப்பிய நண்பர்களின் உதவியைப் பெற்றதில் குற்றமேதும் இல்லை. நடராசர் படிமத்தை மேடையின் மையத்துக்குக் கொண்டுவந்த காலத்தின் பின்னணியில், இலங்கைத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த குமாரசாமியின் சிவநடனக் கட்டுரை இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் கண்டு ரொதான் எழுதிய குறிப்பும் இருக்கிறது. இவையெல்லாம் பண்பாடு உயிரோடிருப்பதன் அடையாளங்கள். சதிர் மட்டும் கலப்பற்றதா என்ன? அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி முறையைத் தஞ்சை நால்வர் வகுத்தது மராட்டிய மன்னர் அவையில். வர்ணமும் பதமும் பெரும்பாலும் தெலுங்கு. சலாம் தரு என்றே ஓர் உருப்படி வகை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிளாரினெட் சதிர் மேளத்தில் சேர்ந்துவிட்டது. பரம்பரைக் கலையின் உச்சமெனப் போற்றப்படும் பாலசரஸ்வதியின் குழுவிலும் கிளாரினெட் நெடுங்காலம் ஒலித்தது. பரம்பரையினருக்குக் கலப்பைப் பற்றிய அச்சமே இருந்ததில்லை.

நம் வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. கடன் வாங்குவது இழுக்கன்று. கடனையும் வாங்கிக்கொண்டு, கொடுத்தவரை அழுக்கர் என்று ஊருக்குச் சொல்வது இழுக்கு. 'தேவதாசிகளால் சீரழிந்திருந்த கலையை மீட்டுப் புனிதமாக்கினார்கள்' என்ற வாக்கியத்தை நம் கல்லூரி மாணவர்கள் தேர்வுத்தாளில் எழுதுகின்றனர். வழிகாட்டி நூல்களில் அவ்வாறே உள்ளது. அந்த வகுப்பில் இசை வேளாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிய அவ்வாக்கியத்தை அவளும் மனப்பாடம் செய்து, அவளும் எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் பெற வேண்டியிருக்கிறது. திருத்தும் மேசையில் நாம் இருக்கிறோம். இதைவிடப் பெரிய பண்பாட்டு வன்முறையை எந்த மேலைநாட்டுப் புயலும் நமக்குச் செய்ததில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் குறை கூறுவதாக எவரும் கருத வேண்டாம். அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி அம்மரபில் வந்த தாயின் மகள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாழ்வின் கொடுமையை உள்ளிருந்தே கண்டு 1936-இல் நாவலாக எழுதினார். சிறுமிகளைக் கோயிலுக்குக் கட்டிக்கொடுப்பது நிற்க வேண்டியிருந்தது, நின்றது. ஆனால் வழக்கம் போனபோது வாழ்வாதாரமும் மேடையும் போயின. கலை மட்டும் வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. 1940-களில் நட்டுவனார்கள் விலகியபின் கலாக்ஷேத்திரத்தில் மாணவியரே நட்டுவாங்கம் செய்யலாயினர். இரண்டு நாட்டிய யுகங்களுக்கும் பாலமாயிருந்த கௌரி அம்மாள் வறுமையில் வாழ்ந்து 1971-இல் மறைந்தார். ருக்மிணி தேவியும் பாலசரஸ்வதியும் அபிநயம் கற்ற ஆசிரியை அவர் என்பதை மாடவீதிகளில் மார்கழி பஜனையோடு நடந்து செல்வோருள் எத்தனை பேர் அறிவர்?

புனைவு, திருட்டு என்று மட்டுமே பேசும் ஆய்வு நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. அவர்களுடைய எழுத்திலும் பரம்பரைப் பெண்கள் வெறும் பலியாட்களாகவே வருகின்றனர். ஐவரும் கப்பலேறியது ஒப்பந்தம் பேசி. பாலசரஸ்வதி சிருங்காரத்தைக் கழுவித் துடைக்க மறுத்து, அதுவே இக்கலையின் தலையாய ரசம் என்று மேடையிலும் கட்டுரையிலும் வாதிட்டவர். 1961-இல் டோக்கியோவிலும் 1963-இல் எடின்பரோவிலும் ஆடினார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அந்நாட்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். வெளிநாட்டு அவைக்காக உருப்படியைச் சுருக்கவோ இனிப்பூட்டவோ இல்லை. பிற பண்பாட்டை எதிர்கொள்வது எப்படி என்பதற்கு இவரைக் காட்டிலும் நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை. 1973-இல் சங்கீத கலாநிதி விருதை அகாடமி அவருக்கு வழங்கியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

தமிழாசிரியர் என்ற முறையில் நமக்கு மிகவும் எரிச்சலூட்டுவது சிலப்பதிகாரத்தை இவர்கள் பயன்படுத்தும் விதம். ஈராயிரம் ஆண்டுத் தொன்மைக்குச் சான்று அரங்கேற்றுகாதை என்பார்கள். நல்லது, படிப்போம். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன்முன் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்மாலையும் பெற்ற மாதவி யார்? கணிகையர் குலத்தவள். அவள் ஆடிய புகார் நகரில் யவனர் குடியிருப்பு இருந்ததை அதே காப்பியத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை கூறுகிறது. குலமகளிர் காத்த கலப்பற்ற கலை என்பதற்குச் சான்றாக, கணிகையொருத்தி யவனர் வாழ்ந்த துறைமுகத்தில் ஆடியதைக் காட்டுகிறார்கள். மேற்கோள் காட்டுவோர் மூலத்தைப் புரட்டினால் என்ன?

புரட்டினால் மற்றொன்றும் கண்ணில் படும். மாதவியின் ஆட்டத்துக்குப் போகுமுன் இளங்கோ ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, அவரவர் தகுதியை விரிவாகச் சொல்லிவிட்டே மேலே செல்கிறார். இன்றைய அரங்கேற்ற அழைப்பிதழ்களில் தலைமை தாங்கும் தொழிலதிபரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். ஆடப்படும் வர்ணம் எந்த நட்டுவனார் வீட்டுச் சொத்து என்ற விவரத்துக்கு அதில் இடமிருப்பதில்லை.