தார்ப்பாயின் ஓரத்தையும் பாருங்கள்

பேரிடர் மேலாண்மைப் பொறுப்பையும் சுமக்கும் வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கு,

தார்ப்பாய் தைத்து ஐலெட் அடித்துக் கொடுப்பது என் தொழில். மழைக்காலத்துக்கு முன் நிவாரணக் கிடங்குகளுக்குத் தார்ப்பாய் வாங்கும்போது அந்த ஐலெட்டை, அதாவது கயிறு கோக்கும் உலோக வளையத்தை, ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. ஓடும் கீற்றும் பறிபோன வீடுகளுக்கு அதற்குப் பிறகு தார்ப்பாய்தான் கூரை. பல கைகளிலிருந்து வந்தன. எது யார் கொடுத்தது என்று பிரித்துப் பேச நான் வரவில்லை. ஆனால் காற்றில் வீணாகி என்னிடம் வந்த பாய்களை விரித்துப் பார்த்தபோது பலவற்றில் நடுப்பகுதி அப்படியே இருந்தது. ஓரத்தில்தான் வளையம் பிய்த்துக்கொண்டு போன கிழிசல்கள், ஒன்றையடுத்து ஒன்றாக.

காரணம் எளிது. பேரிடர்க் காலங்களில் செஞ்சிலுவைச் சங்கம் கொடுக்கும் பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர். அந்த அளவில் ஒரு பாயை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 20 மீட்டர். மீட்டருக்கு ஒன்றாக அடித்தால் 20 வளையங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ அழுத்தம் வரும். முழுப் பாய்க்கும் 570 கிலோவைத் தாண்டும். எல்லா வளையமும் சரிசமமாகத் தாங்கினால்கூட ஒவ்வொன்றுக்கும் 29 கிலோ. உண்மையில் சமமாகத் தாங்குவதில்லை, மூலைக்குத்தான் அதிகம் விழும். அங்கே ஒன்று பிய்ந்தால் அதன் சுமை பக்கத்து வளையத்துக்குப் போகிறது, அதுவும் போகிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நாலு மடங்கு.

ஐலெட்டில் இரண்டு பாகம். கழுத்து வைத்த வளையம் ஒன்று, வாஷர் ஒன்று. துணியில் ஓட்டை போட்டு, கழுத்தை அடியிலிருந்து மேலே நுழைத்து, வாஷரைப் போட்டு, டை என்கிற அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கழுத்தின் விளிம்பு மலர்ந்து வாஷரைக் கவ்வும். ஓட்டை கழுத்தைவிட ஒரு நூல் சிறிதாக இருக்க வேண்டும்; துணி இழுபட்டுக் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். அவசரத்தில் கத்தியால் கீறி அடிக்கிறார்கள். கீறலின் முனையிலிருந்துதான் கிழிசல் கிளம்புகிறது. ஓங்கி அடித்தால் கழுத்து வெடித்து, அந்தக் கூர் முனைகளே துணியையும் கயிற்றையும் அறுக்கும். மெதுவாக அடித்தாலோ வளையம் லூசாகிச் சுழலும். கட்டைவிரலை வைத்துத் திருகிப் பாருங்கள்: நல்ல ஐலெட் அசையாது. இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், அரை நிமிடம்கூட வேண்டாம்.

அதையும்விட முக்கியம், வளையம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது. ஒற்றைத் துணியில் அடித்த ஐலெட் அலங்காரத்துக்குத்தான் ஆகும். ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்து, மூலைகளுக்குக் கூடுதலாக ஒட்டுத் துணி கொடுத்து, அதன் மேல் அடித்தால்தான் இழுவை பாய் முழுக்கப் பரவும். கடலோரத்துக்கு இரும்பு வளையம் கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுற்றியுள்ள துணியையும் கெடுத்துவிடும். பித்தளை நல்லது, விலை கட்டாது என்றால் தடித்த அலுமினியம்.

பாய் வாங்கும்போது ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கனம் வேண்டியதுதான். ஆனால் ஓரம் பிய்ந்த கனமான பாய் எந்தக் குடும்பத்தையும் நனையாமல் காக்காது. கட்சிக் கூட்டம் முடிந்ததும் கழற்றிப் போடும் ஃபிளெக்ஸ் பேனரை எத்தனை ஏழை வீடுகளில் கூரையில் போட்டிருக்கிறார்கள் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் விளம்பரத்துக்கு அடித்த வளையம் அது. அதை நம்பி ஒரு மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளோடு தூங்குகிறார்கள்.

வளையம் போன பாய்க்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, துணிக்கு அடியில் உருண்டையான கூழாங்கல்லை வைத்து, மேலே துணியோடு சேர்த்துக் கழுத்தைக் கயிற்றால் சுருக்கிட்டு இழுத்துக் கட்டுவது. ஓட்டையே இல்லாததால் கிழிய இடமில்லை. பாய் கொடுக்கும்போது இதையும் ஒரு படமாக அச்சிட்டுக் கொடுக்கலாம்.

கொள்முதல் ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்கக் கேட்கிறேன்: வளையத்தின் உலோகம் என்ன, இடைவெளி அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஓரத்தில் உள்கயிறு, மூலையில் ஒட்டு. வந்து இறங்கும் கட்டுகளில் சிலவற்றைப் பிரித்து, மூலையில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஏற்கெனவே கிடங்கில் கிடப்பவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். தாலுகாவுக்கு ஒரு டை செட்டும் ஒரு பெட்டி வளையமும் இருந்தால் போதும். உள்ளூர்த் தையல்காரர்களையும் பேனர் கடைப் பையன்களையும் கூலி கொடுத்து உட்கார வைத்தால் ஓரம் மடித்து, தைத்து, அடித்துவிடுவார்கள். அக்டோபர் பிறப்பதற்குள் முடிகிற வேலை. கூப்பிட்டால் நானும் டையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
தார்ப்பாய் தைக்கும் தொழிலாளி ஒருவன்,
நாகப்பட்டினம் மாவட்டம்.