அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

மருத்துவப் படிப்பில் சேர நீட் தேர்வு தமிழகத்தில் 2017 முதல் கட்டாயமாயிற்று. அது வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதன் வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று நாம் அதிகம் பேசுவதில்லை. அதையும் சற்றுச் சிந்திப்போம்.

2025-ல் நடந்த தேர்வில் 180 வினாக்கள்; நேரம் 180 நிமிடங்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 45 வீதம், உயிரியலுக்கு 90. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து அதற்குரிய வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 மதிப்பெண் குறையும். எழுதாமல் விட்டால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ இயற்பியல் தேர்வோ மூன்று மணி நேரத்தில் 32 விடைகளைக் கேட்கிறது. அவற்றுள் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். மற்றவை 2, 3, 5 மதிப்பெண்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியவை. கடைசி வரியில் பிழை செய்தாலும் அதுவரை சரியாக எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. நீட் தேர்வில் படிகளை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிப்போம். மதிப்பெண் குறையும் என்றதும், உறுதியாகத் தெரியாததைத் தொடக்கூடாது என்று நம் பிள்ளைகள் அஞ்சுவது இயல்பு. கணக்கோ வேறு சொல்கிறது. நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறாகி 3 போகும், 1 மிஞ்சும். தவறென்று உறுதியாகத் தெரியும் ஒரு விடையை நீக்கிவிட்டு யோசித்தால் இலாபம் இன்னும் கூடும். இந்த நுணுக்கம் பயிற்சி மையங்களில் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. பாடப்புத்தகத்தில் இது இல்லை.

ஆக, இத்தேர்வு அறிவை மட்டும் அளக்கவில்லை. தேர்வெழுதும் பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. அப்பழக்கம் விலைக்குக் கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பதாலேயே அது நீதியாகிவிடுமா?

விவாதம் முடியும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிகாரத்தை வைத்து வாரம் ஒருமுறை எழுதிப் பழக, பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்களும் ஓர் அறையைத் திறந்துவிட்டாலே போதும். கூடவே, 180 வட்டங்களுக்குள் ஒரு பிள்ளையின் மதிப்பு அடங்கிவிடாது என்பதை முதலில் நாம் நம்புவோம். பிறகு அவர்களுக்கும் சொல்வோம்.