விதைநெல்லுக்கு வரி!

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பார்கள் நம் ஊரில். இங்கிலாந்து விவசாயிக்கு உழக்கு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால், அந்தக் கணக்கு நம்மைப்போலவே அவருக்கும் அத்துப்படி!

2024 நவம்பர் 19-ம் தேதி. லண்டன் நகரத்தின் நட்டநடுவே, பிரதமர் அலுவலகம் இருக்கும் ஒயிட்ஹால் வீதியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூடிவிட்டார்கள். காலில் சேற்று பூட்ஸ், கையில் அட்டை. அவர்களின் பிள்ளைகள் பொம்மை டிராக்டர் ஓட்டிக்கொண்டு பாராளுமன்றத்தைச் சுற்றி வந்தார்கள். எதற்காம்? அப்பா செத்த பிறகு அந்த டிராக்டரும் நிலமும் பிள்ளைக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்கிற சண்டை.

'நமக்கு எதுக்கு சார் வெள்ளைக்காரன் வீட்டுச் சாவு வரி?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வருகிறேன்.

இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால், 3.25 லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கிற சொத்துக்கு 40 சதவிகிதம் வாரிசு வரி. விவசாய நிலத்துக்கு மட்டும் 1992-லிருந்து முழு விலக்கு இருந்தது. 2024 அக்டோபர் 30-ம் தேதி பட்ஜெட்டில் நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதில் கை வைத்தார். முதல் 10 லட்சம் பவுண்டுக்குத்தான் முழு விலக்கு. அதற்கு மேல் பாதி விலக்குதான். அதாவது, மிச்சத்துக்கு 20 சதவிகித வரி. 2026 ஏப்ரல் 6 முதல் அமல் என்றார்.

'10 லட்சம் பவுண்ட் சொத்து வைத்திருப்பவன் ஏழையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பி.காம் படித்தவன் என்கிற முறையில் பதில் சொல்கிறேன். பேலன்ஸ் ஷீட் என்று ஒன்று, லாப-நஷ்டக் கணக்கு என்று இன்னொன்று. முதலாவது, நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லும். இரண்டாவது, இன்றைக்கு ராத்திரி அடுப்பு எரியுமா என்று சொல்லும். விவசாயி முதலாவதில் ஜமீன்தார், இரண்டாவதில் கடன்காரர்.

பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். 300 ஏக்கர். ஏக்கர் 10,000 பவுண்ட் என்றால் 30 லட்சம். வீடு, கொட்டகை, மாடு, மெஷின் எல்லாம் சேர்த்து இன்னொரு 10 லட்சம். மொத்தம் 40 லட்சம் பவுண்ட். கேட்கவே தலை சுற்றுகிறது இல்லையா? வருடம் முழுக்க உழைத்து இதில் 40,000 பவுண்ட் மிஞ்சுகிறது என்று வையுங்கள். போட்ட முதலுக்கு ஒரு சதவிகிதம். நம் ஊர் சேமிப்புக் கணக்கிலேயே இதைவிட அதிக வட்டி கிடைக்கும்!

இந்த நிலம் முழுக்க ஒரே ஆள் பெயரில் இருந்து, அவர் இறந்துபோனால்? 2024-ல் அறிவித்த கணக்குப்படி, முதல் 10 லட்சம் போக மிச்சம் 30 லட்சம். அதில் பாதி 15 லட்சம். எல்லோருக்கும் உள்ள 3.25 லட்சம் கழிவையும் கழித்தால், 40 சதவிகித வரி 4.7 லட்சம் பவுண்ட். 'பத்து வருடத் தவணையில், வட்டி இல்லாமல் கட்டுங்கள்' என்றது அரசு. வருடத்துக்கு 47,000. வருமானமோ 40,000! மகன் என்ன செய்வான்? நிலத்தை விற்பான். அடுத்த வருடம் நிலமும் குறைவு, வருமானமும் குறைவு.

இதற்குப் பெயர் வரியா, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதா?

இன்னொரு கொடுமையும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு எழுதிவைத்தால் வரி கிடையாது. ஆனால், எழுதிவைத்த பிறகு ஏழு வருடம் உயிரோடு இருக்க வேண்டும். நிபந்தனையைப் பாருங்கள்! எண்பது வயதுக்காரர் எந்த டாக்டரிடம் போய் ஏழு வருட கியாரன்டி வாங்குவார்? எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு இதுவும் செல்லாது. முழு விலக்கு இருந்தவரை, 'கடைசி வரை நிலத்தை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள்' என்பதுதான் புத்திசாலித்தனமான யோசனையாக இருந்தது. சட்டத்தை நம்பி அதைக் கேட்டவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை. அறிவித்த நாளுக்கும் அமலுக்கு வரும் நாளுக்கும் நடுவே வெறும் 17 மாதங்கள்!

அரசுத் தரப்பையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. இந்தச் சலுகையில் 40 சதவிகிதத்தை அனுபவித்தது உச்சியில் இருக்கும் 7 சதவிகித வாரிசுகள்தான் என்றது அரசு. உண்மைதான். ஏர் பிடிக்காத கோடீஸ்வரர்கள் வரியிலிருந்து தப்பிக்க நிலம் வாங்கிக் குவித்தார்கள். போராட்ட மேடையில் முழங்கிய டி.வி. பிரபலம் ஜெரமி கிளார்க்சனே, தான் பண்ணை வாங்க வாரிசு வரியும் ஒரு காரணம் என்று முன்பு சொன்னவர்தான். இவர்களைப் பிடிக்க வேண்டாமா? கட்டாயம் பிடியுங்கள். அதற்காக, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

பிடிக்க வழி இருக்கிறது. பக்கத்து வீடான அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே விவசாய வாரிசுக்கு, நிலத்தின் மதிப்பில் 90 சதவிகிதத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி. ஆனால், தானே விவசாயம் செய்ய வேண்டும், இல்லை விவசாயம் செய்கிறவருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். ஆறு வருடத்துக்குள் விற்றுவிட்டு வேறு நிலமும் வாங்கவில்லையா? கொடுத்த சலுகையை அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும். எவ்வளவு எளிமை! உழுதால் விலக்கு, விற்றால் வரி. விற்கிறவன் கையில் பணம் இருக்கிறது, அவனிடம் கேட்பதில் தப்பில்லை. உழுகிறவன் கையில் மண்தான் இருக்கிறது.

போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் இல்லை. 2025 டிசம்பரில் அரசு இறங்கிவந்து, 10 லட்சத்தை 25 லட்சம் ஆக்கியது. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 50 லட்சம். நம் கணக்கில் உள்ளவருக்கு மனைவி இருந்தால் இப்போது வரியே இல்லை. தனி ஆள் என்றால் 1.7 லட்சம் பவுண்ட், வருடத்துக்கு 17,000. முதல் வருடத்தில் பாதிக்கப்படும் விவசாய வாரிசுகள் 375-லிருந்து 185-ஆகக் குறைவார்கள் என்றது அரசு.

'அப்புறம் என்ன, பிரச்னை முடிந்ததே?' என்கிறீர்களா? இல்லை. எல்லையே இல்லாத விலக்கு 10 லட்சமாகி, 10 லட்சம் 25 லட்சமாக 14 மாதங்கள்தான் ஆனது. அடுத்த நிதி அமைச்சர் எந்த எண்ணை எழுதுவார், யாருக்குத் தெரியும்? தேர்தலுக்கு முன்பு, 2023-ல், இந்தச் சலுகையில் கை வைக்க மாட்டோம் என்று சொன்னதும் இதே கட்சிதான். பண்ணை நட்டுவைத்தால் ஒரு தலைமுறை கழித்துப் பலன் தருகிற மரம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற எண்ணை நம்பி யார் மரம் நடுவார்கள்?

வரி மட்டும் வந்திருந்தாலாவது சமாளித்திருப்பார்கள். ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிந்த பிறகு பழைய மானியம் வருடா வருடம் தேய்ந்தது. 2025-ல் எத்தனை பெரிய பண்ணைக்கும் அது அதிகபட்சம் 7,200 பவுண்ட்தான். அதற்குப் பதிலாக வந்த இயற்கை வேளாண் ஊக்கத் திட்டத்தின் கதவையும் 2025 மார்ச் 11 அன்று புதியவர்களுக்குச் சாத்திவிட்டார்கள். பாலுக்கு என்ன விலை என்பதை மாடு வளர்க்கிறவர் முடிவு செய்வதில்லை, சூப்பர் மார்க்கெட்டுகள் முடிவு செய்கின்றன. ஒரு பக்கம் வருமானத்தைச் சுருக்கிவிட்டு, மறுபக்கம் 'உன் நிலம் எவ்வளவு பெறும் தெரியுமா?' என்று கேட்டால் எரிச்சல் வருமா, வராதா?

இப்போது நம் கதை. நம் நாட்டிலும் 1953-லிருந்து 'எஸ்டேட் டியூட்டி' என்கிற சாவு வரி இருந்தது. உச்ச விகிதம் 85 சதவிகிதம்! 1985-ல் வி.பி.சிங் நிதி அமைச்சராக இருந்தபோது அதை ஒழித்தார். வசூல் அற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்பதுதான் காரணம். 2024 தேர்தல் நேரத்தில் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேச, நாடே இரண்டுபட்டது. அந்தப் பேச்சு இன்னொரு நாள் திரும்ப வரும். பணக்காரரிடம் வரி வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால், வரும்போது 'உழுகிறவனா, விற்கிறவனா?' என்ற கேள்வியை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கர்கூட இல்லை. நகரத்தை ஒட்டி அந்த நிலம் இருந்தால், காகிதத்தில் அவர் கோடீஸ்வரர். உரக்கடையில் அவர் பெயர் கடன் நோட்டில் இருக்கிறது.

அவரிடம் போய் எந்தக் கணக்கைக் கேட்கப்போகிறோம்? பேலன்ஸ் ஷீட்டையா, அடுப்பையா?