எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை?

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் நின்றது. நியூயார்க் நகரமே இருண்டது. பாதாள ரெயில்கள் நடுவழியில் நின்றன.

காரணம் புயலா? யுத்தமா? இல்லை. மரமும் கம்ப்யூட்டரும்!

ஓஹியோ மாநிலத்தில் மின்சாரக் கம்பி ஒன்று சூடேறித் தொய்ந்தது. கீழே வளர்ந்திருந்த மரத்தில் பட்டது. அந்தப் பாதையில் மின்சாரம் தடைப்பட்டது. இது எங்கும் நடப்பதுதான். உடனே கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அதை அடிக்க வைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் முன்னதாகவே முடங்கிக் கிடந்தது.

விபரீதம் இனிமேல்தான். கம்ப்யூட்டர் நின்ற செய்தி, அதைப் பராமரிப்பவர்களுக்குத் தெரிந்தது. திரும்ப ஓடவிட்டார்கள். "மணி வேலை செய்கிறதா?" என்று மின்சார ஊழியர்களைக் கேட்கவில்லை. மின்சார ஊழியர்களோ, மணி அடிக்காததால் எல்லாம் சரியென்று இருந்தார்கள். வெளியிலிருந்து டெலிபோனில் எச்சரித்தவர்களின் பேச்சும் முதலில் எடுபடவில்லை. அதற்குள் மேலும் இரண்டு கம்பிகள் மரத்தில் பட்டுவிட்டன. மாலை 4.10-க்கு எல்லாம் சரிந்தது.

இரண்டு கூட்டத்தாரும் வேலை தெரியாதவர்கள் அல்ல. ஒருவர் வேலை மற்றவருக்குப் புரிந்திருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள் அல்லவா?

மின்சார என்ஜினீயரிங் மாணவருக்குக் கம்ப்யூட்டரைத் தனிப் பாடமாக நடத்தி, பரீட்சை எழுதியதும் மறக்கவிடுவதில் என்ன பயன்? டிரான்ஸ்பார்மரைச் சொல்லித்தரும் அதே வகுப்பில், அதைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரையும் சொல்லித்தர வேண்டும். கல்லூரியில் மாதிரிக் கட்டுப்பாட்டு அறை வேண்டும். ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் எச்சரிக்கை மணியை நிறுத்திவிட வேண்டும். அதை மாணவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதுதான் பரீட்சை!

செலவு என்பார்கள். சில கம்ப்யூட்டர்களும் ஓர் அறையும் போதும்.

அதற்காகக் கைவேலையைக் கைவிட்டுவிடக் கூடாது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி உக்ரைனில் மின்சாரக் கம்ப்யூட்டர்களுக்குள் விஷமிகள் புகுந்தார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் விளக்கு அணைந்தது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு ஓடினார்கள். கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் வெளிச்சம் வந்தது.

அமெரிக்க விபத்துக்குப் பிறகு, 2004-ல், கட்டுப்பாட்டு அறை ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 5 நாளாவது இத்தகைய ஒத்திகைப் பயிற்சி தரவேண்டும் என்று முடிவாயிற்று. உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கே அன்று 5 நாள் கிடைத்தது. கல்லூரி மாணவருக்கு 4 வருஷம் இருக்கிறதே!