எஃகின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

பொருட்காட்சிகளில் எப்போதும் கூட்டம் தேங்கி நிற்கும் கடை ஒன்று உண்டு. கழுத்தில் மைக் மாட்டிய விற்பனையாளர் ஒரு கத்தியால் மரத்துண்டை அறுப்பார். அடுத்து பழைய செருப்பின் அடிப்பாகம். அதே கத்தியால் உடனே ஒரு தக்காளியை மறுபக்கம் தெரியும் அளவுக்குச் சீவிக் காட்டுவார். மூன்று கத்தியோடு ஒரு கத்தரிக்கோலும் சேர்த்து ஒரே விலை. ஆசையாக வாங்கிப் போன வீட்டில் சில மாதங்களில் அது சமையலறை இழுப்பறையின் அடிக்குப் போய்விடும்.

அந்த வித்தைக்குக் காரணம் கத்தியின் வாயில் இருக்கும் ரம்பப் பற்கள். மரத்திலும் செருப்பிலும் மோதுவது பற்களின் நுனிதான். பற்களுக்கு இடையே உள்ள பள்ளங்களின் கூர் தேயாமல் ஒதுங்கியிருந்து தக்காளிக்கு உதவுகிறது. ஆனால் ஒருமுறை மழுங்கிவிட்டால் தட்டையான சாணைக்கல்லில் அதைத் தீட்ட முடியாது.

குறைந்த பணத்தில் கத்தி வாங்குபவர், கொடுக்கும் காசில் எவ்வளவு வெட்டும் வேலைக்குப் போகிறது, எவ்வளவு மினுக்குக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். மடக்குக் கத்தியில் கீலுக்கும் பூட்டுக்கும் ஒரு பங்கு போய்விடும். மடக்காத கத்தியில் அந்தச் செலவு இல்லை. அலகும் பிடியும் உறையும்தான் மொத்தப் பொருளும் என்பதால், சிறு பட்ஜெட்டில் தரமான கத்தி கிடைக்க வாய்ப்பு அதிகம் இந்த வகையில்தான்.

இதற்கு உலகறிந்த சாட்சி ஸ்வீடனில் இருக்கிறது. டாலர்னா மாகாணத்தில் மோரா என்றோர் ஊர். வாசாலோப்பெட் எனும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி முடிவது அங்கேதான். அதை அடுத்த ஊஸ்ட்னோர் கிராமத்தில், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் 1891-இல் ஒரு தொழிற்கூடம் தொடங்கினார். மரக்கட்டைகளை இழுத்துப்போகும் பனிவண்டி செய்வது முதன்மை வேலை, கத்தி பக்கத் தொழில். காலப்போக்கில் வண்டி மறைந்து கத்தி நிலைத்தது. 1912-இல் அதே கிராமத்தில் இன்னொரு கத்திப் பட்டறையும் எழுந்தது. 2005-இல் இரண்டும் ஒன்றாயின. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் மோராக்னீவ்.

அவர்களுடைய ‘கம்பேனியன்’ கத்தியைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். சுமார் 10 செ.மீ. அலகு, 2.5 மி.மீ. தடிமன், பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த பிடி, பிளாஸ்டிக் உறை. வேலைப்பாடு, பித்தளைப் பூண், தோலுறை எதுவும் கிடையாது. அமெரிக்கக் கடைகளில் அதன் விலை ஏறத்தாழ 20 டாலர். ஆனாலும் தச்சரும் மலையேறுபவரும் மீன்பிடிப்பவரும் அதை நம்பி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். மிச்சம் பிடித்த இடம் பிடியும் உறையும். எஃகிலும் அதைச் சூடாக்கிப் பதப்படுத்துவதிலும் கைவைக்கவில்லை.

அதன் வாயும் சிக்கனமான வடிவம்தான். அலகின் பாதியிலிருந்து கூர்வரை ஒரே சரிவாக இறங்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லின்மேல் படியவைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாகக் கற்பவரும் தீட்டலாம். குறையும் உண்டு. மரம் சீவச் சிறந்த அந்தச் சரிவு, தடித்த கேரட்டை நறுக்காமல் பிளந்துவிடும். சமையலுக்கு முதுகிலிருந்தே மெலிந்து வரும் அலகு வேண்டும்.

எஃகு என்று வரும்போது நம் வீடுகளில் ‘எவர்சில்வரா?’ என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. துருப்பிடிக்காது என்பது வேறு, கூர் நிற்கும் என்பது வேறு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். அவர் வார்த்த அந்த முதல் எஃகில் குரோமியம் சுமார் 12.8 சதவீதம், கார்பன் வெறும் 0.24 சதவீதம். உள்ளூர்க் கத்திக்காரர்கள் அவரை ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது. எஃகைக் கடினமாக்குவது கார்பன். அது குறைந்தால் அலகு பளபளக்கும், வாய் சீக்கிரம் மடங்கும். மோரா கத்திகளில் பயன்படும் 12சி27 என்ற ஸ்வீடன் எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். துருவும் பிடிக்காது, கூரும் நிற்கும்.

அட்டையில் அச்சாகும் சொற்களை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது எந்த ஒரு குறிப்பிட்ட எஃகையும் சுட்டாத விளம்பரச் சொல். வெறும் ‘440’ என்பதும் பாதி உண்மைதான். 440ஏ என்றால் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம்வரை, 440சி என்றால் 0.95 முதல் 1.20 வரை. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுபவர் எதை விற்கிறார் என்று ஊகிக்கலாம். அலகில் அலையலையாகத் தெரியும் ‘டமாஸ்கஸ்’ கோலமும் மலிவுக் கத்திகளில் பெரும்பாலும் மேலே லேசரால் பொறித்த ஓவியமாகவே இருக்கும்.

எஃகின் பெயருக்கு அடுத்து கேட்க வேண்டியது கடினத்தன்மை. ராக்வெல் சி அளவுகோலில் 54 முதல் 58 வரை இருந்தால் வீட்டுக்கும் வெளிவேலைக்கும் போதும். 60-ஐத் தாண்டும் ஜப்பானியக் கத்திகள் நெடுநாள் கூர் காக்கும். எலும்பில் பட்டால் பொரிந்துவிடும். ஒரே எஃகு, பதம் போட்ட விதத்தால் நல்ல கத்தியும் ஆகலாம், தகரமும் ஆகலாம். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இந்தச் சூட்சுமத்தைத்தான்.

கத்தி ஆர்வலர்கள் கறாராகச் சொல்லும் இன்னொரு விதியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். அலகின் எஃகு பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓட வேண்டும் என்பார்கள். கட்டையால் அடித்து விறகு பிளப்பவருக்கு அது அவசியம். வெங்காயம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் அப்படித் தேவையில்லை. பின்லாந்தின் புக்கோ, ஜப்பானின் மரபுச் சமையல் கத்தி, மோராவின் கம்பேனியன் எல்லாமே பிடிக்குள் மெலிந்த காம்பு செருகியவைதான்.

உள்ளூர்ப் பட்டறையை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கழித்துப்போட்ட லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்து அரிவாளும் கத்தியும் செய்யும் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பட்டை நல்ல கார்பன் உள்ள எஃகு. தேங்காய் வெட்டவும் வாழைத்தார் இறக்கவும் அதற்கு ஈடு குறைவு. துருப்பிடிக்கும், வாழைப்பூவை நறுக்கினால் கறுக்கும். கழுவித் துடைத்துத் துளி தேங்காயெண்ணெய் தடவி வைக்கும் வீட்டில் அது பெரிய தொந்தரவில்லை. தோய்ச்சல் கைப்பக்குவத்தைப் பொறுத்தது என்பதால் ஆளுக்கு ஆள் தரம் மாறும். ஆனால் வாய் மடங்கினால் அதே ஆசாரியிடம் கொண்டுபோய்த் திரும்பத் தோய்த்து வாங்கலாம். பிளிஸ்டர் அட்டையில் வந்த கத்திக்கு அந்த வசதி கிடையாது.

கடையில் செய்து பார்க்கச் சில எளிய சோதனைகள் போதும். கத்தியின் வாயை விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெள்ளைக் கோடாக மின்னும் இடம் மழுங்கல். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. முனையிலிருந்து பிடிவரை ஒரு கண்ணால் பார்த்தால் கோணல் தெரியும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகம் நுழைந்தால் அங்கே ஈரம் தங்கும். ஈரக் கையோடு பிடித்தால் வழுக்குகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடுவது கல்லை. ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் அதில் முந்நூறை இருபக்கச் சாணைக்கல்லுக்கு எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. சிலிக்கன் கார்பைடு எனும் பொருளை வைத்துச் சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதால், இந்தக் கல் நமக்கு அயல்நாட்டுச் சரக்கும் அல்ல. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் உள்ள பளபளப்பில்லாத வளையமும் உதவும். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கும் வீட்டில் எந்த விலைக் கத்தியும் ஒரே வாரத்தில் மழுங்கும். மரப்பலகை ஒன்று கூடவே வாங்க வேண்டும்.

நீளத்திலும் பேராசை வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு.

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் மட்டும் ஏற்றுவது சரியல்ல. வீடு கட்டும் எந்தக் கொத்தனாரும் கம்பிக் கடையில் ‘எஃப்.இ. 550 தானே?’ என்று கேட்கிறார். அந்த எண் கம்பியின் பலத்தைச் சொல்வது, கம்பியிலேயே பொறித்தும் வருகிறது. தினமும் மூன்று வேளை கைபடும் கத்தியின் அட்டையில் ‘உயர்தர எஃகு’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வதை ஏன் ஏற்க வேண்டும்? எஃகின் பெயரும் ராக்வெல் எண்ணும் அச்சடிக்க அட்டையில் அரை அங்குல இடம் போதும். தயாரிப்பாளர்கள் தாமாகச் செய்யாவிட்டால் அரசு அதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை பாத்திரக் கடைகளில் ‘இது என்ன ஸ்டீல்?’ என்ற கேள்விக்கு, ‘நல்ல ஸ்டீல்தான்க்கா, எடுத்துக்கோங்க’ என்பதே பதிலாக வரும். பத்துப் பேர் விடாமல் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அவர் தயாரித்தவரிடம் கேட்பார்.